நத்தை ஊர்ல தடம் தேடி ஏழு நாள்

முதல் நாள், சனி

வந்து சேந்தாச்சு மக்களே. காலைல கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரல்ல ஈடிஎஸ் ரயில் ஏறி ஏறக்குறைய மூணு மணி நேரம், ஈப்போ வந்ததும் பாதி கோச் காலி, சுங்கை சிப்புட்ல எறங்கினது என்னோட சேத்து நாலே பேரு. மாமா மோட்டார வச்சிக்கிட்டு வெளிய நின்னாரு. ஹெல்மெட்ட நீட்டிக்கிட்டே "பசியாறிட்டியாம்மா"ன்னாரு, அவ்ளோதான் வரவேற்பு.

எதுக்கு இந்தப் பயணம்னு கேக்குறவங்களுக்கு: போன மாசம் மாமா குடும்ப வாட்சப்ல ஒரு போட்டோ போட்டாரு, சேத்துல ஒரு குழி, "என்னா இது, சொல்லுங்க பாப்போம்"னு. நான் நாய்ன்னேன். கிள்ளான்ல இருக்குற தம்பி பன்னின்னான். போன்ல ஒரு ஆப்ல போட்டா அது கரடின்னு அடிச்சு சொல்லுது. ரெண்டு மணி நேரம் எல்லாரையும் அடிச்சுக்க விட்டுட்டு அப்புறம் மாமா எழுதுறாரு, "என் சப்பாத்து. குதி மட்டும் பதிஞ்சிருக்கு." எனக்கு ரோஷம் வந்துடுச்சு. லயத்துல பொறந்தவன்னு எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சுக்கிறேன், ஆனா ஆறு வயசுல பட்டணம் போனவளுக்கு மண்ணப் பாத்தா ஒண்ணும் தெரியல. ஒரு வாரம் லீவு போட்டேன்.

மாமாவ பத்தி: 61 வயசு, பதினஞ்சு வயசுல இருந்து பால்மரம் வெட்டினவரு (ரப்பர் பால் எடுக்க), தோட்டம் செம்பனைக்கு (பாமாயில் மரம்) மாறினப்புறம் குலை வெட்டினாரு, இப்போ காட்டோரமா கொஞ்சம் டுரியான் மரம் வச்சிருக்காரு. தடம் பாக்க யாரு கத்துக் குடுத்தாங்கன்னு கேட்டேன். "யாரு கத்துக் குடுக்கணும், விடியாத நேரத்துல நெத்தில லைட்ட கட்டிக்கிட்டு பால்மர நெறைக்குள்ள போறவனுக்கு கண்ணு தரைல தான இருக்கும், பாம்பு கெடக்குதா பன்னி போச்சான்னு பாக்காம கால் வச்சா மறுநாள் பெரட்டுக்கு (காலைல வேலைக்குப் பேர் கூப்பிடுற எடம்) எப்படி வர்றது"ன்னாரு.

சுங்கை சிப்புட்னா மலாய்ல நத்தை ஆறு. மலேசியால மந்திரியா இருந்த துன் சம்பந்தன் ஊரு, அதுதான் தமிழங்களுக்கு மொதல்ல ஞாபகம் வரும், 1960ல அவரு ஆரம்பிச்ச நிலநிதி கூட்டுறவு சங்கத்துல தாத்தா பங்கு வாங்கின காயிதத்த அத்தை இன்னும் பீரோவுல வச்சிருக்காங்க. ஊர் பேருக்கு ஏத்த மாதிரி என் மொத பாடமே நத்தைலதான். சாயங்காலம் பின்கட்டு சுவத்துல வெள்ளி கம்பி மாதிரி ஒரு கோடு மினுமினுன்னு. மாமா கேக்குறாரு, "எந்தப் பக்கம் போச்சு?" அஞ்சு நிமிஷம் மூக்க ஒட்டிக்கிட்டு பாத்தேன், தெரியல. "எனக்கும் கோட்ட மட்டும் பாத்தா தெரியாது"ன்னு சிரிக்கிறாரு. "கோட்டோட ரெண்டு முனையும் பாரு." ஒரு முனைல அத்தையோட கீரைத் தொட்டி, இலை பூரா ஓட்டை. இன்னொரு முனை செங்கல் அடுக்கு, ஈரம், இருட்டு. ராத்திரி தின்னுட்டு விடியறப்ப செங்கலுக்குள்ள போயிருக்கு. செங்கல தூக்கினா ரெண்டு நத்தை.

அத்தை ரெண்டையும் எடுத்து வேலிக்கு அந்தப் பக்கம் வீசிட்டாங்க. நாளைக்குத் திரும்பி வந்துடும்னு மாமா சொல்றாரு.

ரெண்டாம் நாள், ஞாயிறு

இன்னிக்கு நடந்தத எழுதவே கூச்சமா இருக்கு, ஆனா எப்படியும் அத்தை மூலமா எல்லாருக்கும் போயிடும், நானே சொல்லிடுறேன்.

காலைல டுரியான் தோட்டத்துக்குப் போனோம். சீசன் நேரம், ராத்திரி விழுந்த பழத்த பொறுக்கணும், லேட்டா போனா நமக்கு மிச்சம் இருக்காது. மாமா பழத்த பொறுக்கிக்கிட்டு இருந்தாரு, நான் செம்மண் சடக்குல தனியா நடந்தேன். பதினொண்ணு, பதினொன்றரை இருக்கும். பாத்தா பெருசா, உருண்டையா, நாலு விரல், பின்னால பெரிய மெத்தை. நகமே இல்ல. பூனைக்குத்தான நகம் பதியாதுன்னு முந்தா நாள் ராத்திரி யூடியூப்ல பாத்தேனே, இவ்ளோ பெரிய பூனைன்னா என்னா? கை கால் நடுங்க போட்டோ எடுத்து "புலி!!!"ன்னு குரூப்ல போட்டேன். மாமாகிட்ட மொதல்ல கேக்கணும்னு தோணவே இல்ல பாருங்க.

கால் மணி நேரத்துல மூணு மோட்டார். ஒருத்தரு பட்டாசு வேற கொண்டு வந்துட்டாரு. மாமா மெதுவா வந்து குந்தி உக்காந்து பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, தொப்பிய கழட்டி சூரியன் படாம தடத்துக்கு மேல நிழல் குடுத்தாரு, அப்புறம் போன் லைட்ட தரையோட தரையா வச்சு பக்கவாட்டுல அடிச்சாரு. நாலு விரலுக்கு முன்னாலயும் குட்டி குட்டியா நாலு குத்து. நகம்.

"நம்ம கடைக்காரரு நாய்மா. கறுப்பு. பெருசு."

வந்தவங்கள்ல ஒருத்தரு சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கேக்குது. மத்தியானத்துல இருந்து என் பேரு புலி. "புலிக்கு தே தாரிக்கா கோப்பி-ஓவா?"ன்னு கடைல கேக்குறாங்க லா.

ஆனா கத்துக்கிட்டது உருப்படியான விஷயம். உச்சி வெயில்ல தடம் பாக்கவே கூடாது, வெளிச்சம் நேரா மேல இருந்து விழுந்தா குழிக்குள்ள நிழலே இருக்காது, எல்லாம் தட்டையா தெரியும். காலைல எட்டு மணிக்குள்ள, இல்லாட்டி சாயங்காலம் அஞ்சுக்கு மேல, சூரியன் சாஞ்சிருக்குறப்ப, தடம் நமக்கும் சூரியனுக்கும் நடுவுல இருக்குற மாதிரி நின்னு பாக்கணும். அஞ்சரை மணிக்கு வீம்புக்குன்னே திரும்பப் போய் அதே தடத்தப் பாத்தேன். நகம் நாலும் பளிச்சுனு தெரியுது, சின்னப் புள்ள கூட சொல்லிடும்.

நாய்த்தடத்துல விரலுக்கும் மெத்தைக்கும் நடுவுல குச்சியால ஒரு பெருக்கல் குறி போடலாம், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். பூனை ஜாதிக்கு அப்படி அமையாது, நம்ம கை விரல் மாதிரி ஒரு விரல் கொஞ்சம் முன்னால நீட்டிக்கிட்டு இருக்கும், மெத்தையோட பின் ஓரம் மூணு வளைவா இருக்கும். செம்பனைக்குள்ள எலி புடிக்க வர்ற காட்டுப்பூனையோட தடத்த வச்சு மாமா காட்டினாரு, ஒரு பழைய அம்பது காசு அகலம் கூட இருக்காது போல, ஆனா அச்சு அசல் புலியோட தடத்த சுருக்கின மாதிரி.

நெசப் புலி? 2016ல இருந்து 2020 வரைக்கும் மலேசியத் தீவகற்பம் முழுக்க கேமரா வச்சு எண்ணினதுல 150க்கும் கீழதான்னு முடிவு வந்துச்சு. மாமா நாப்பத்தஞ்சு வருஷத்துல புலித்தடம் பாத்தது ரெண்டு தடவ. நான் ரெண்டாவது நாளே பாத்துட்டேனாம். சரி விடுங்க.

மூணாம் நாள், திங்கள்

இன்னிக்கு பூரா பன்னி. நாய்க்கு அப்புறம் பன்னியான்னு மூஞ்ச தூக்கிட்டுத்தான் போனேன், ஆனா பன்னி மாதிரி ஊர் பூரா எழுதி வச்சிட்டுப் போற ஜீவன் வேற இல்ல.

குளம்பு ரெண்டா பிளந்து இருக்கும், ஆடு மாதிரி, கேளையாடு (ஒரு சின்ன மான்) மாதிரி. வித்தியாசம் பின்னால. பன்னிக்கு காலோட பின்பக்கம் கொஞ்சம் மேல ரெண்டு குட்டிக் குளம்பு தொங்குது இல்லையா, ஈர மண்ணுல அது ரெண்டும் முன் குளம்பவிட அகலமா விரிஞ்சு பதியும். மானுக்கும் அது உண்டு, ஆனா ஆழமான சேத்துல மாட்டினாலோ பாஞ்சு ஓடினாலோதான் பதியும். மான் தடம் முன்னால கூர், பன்னி தடம் மொக்கை.

இதெல்லாம் சொல்லி முடிச்சுட்டு மாமா "இப்போ தடத்த விட்டுடு, நிமிந்து பாரு"ன்னாரு. நிமிந்தா செம்பனை மரத்து அடில முட்டி உசரத்துக்கு காஞ்ச சேறு அப்பியிருக்கு, அதுல ரெண்டு மூணு மொரட்டு முடி. பன்னி புரண்டுட்டு வந்து ஒரசின எடம். அப்போ சேத்துக்குழி பக்கத்துல இருக்கணும்ல? இருந்துச்சு, இருபது அடி தள்ளி, தண்ணி இன்னும் கலங்கலா. கலங்கல்னா இப்பத்தான் போயிருக்கு. எனக்கு பின்னங்கழுத்து சிலிர்த்துடுச்சு, அதுவரைக்கும் படம் பாத்துக்கிட்டு இருந்த மாதிரி இருந்தது, அப்பத்தான் பன்னி நெசமாவே பக்கத்துல இருக்குன்னு ஒடம்புக்கு ஒறச்சது.

இன்னும் கொஞ்சம் உள்ள, காடு ஆரம்பிக்கிற எடத்துல, கன்னு மரமெல்லாம் ஒடிச்சு குவிச்சு ஒரு மேடு. நான் யாரோ வெறகு சேத்து வச்சிருக்காங்கன்னு நெனச்சேன். குட்டி போடறதுக்கு பெட்டைப் பன்னி கட்டின கூடாம்! நெகிரி செம்பிலான்ல பாசோ காட்டுல இதையே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, சுத்தி செம்பனை இருக்குறதால தீனி கெடச்சு பன்னி பெருகிடுச்சு, கூட்டுக்குன்னு கன்னு மரத்த ஒடிச்சு ஒடிச்சே காட்டோட சாயலையே மாத்துதுன்னு. மாமாகிட்ட இத சொன்னா "அதுக்கு ஆராய்ச்சி வேற வேணுமா"ங்கிறாரு. கூடு பழசு, இலையெல்லாம் மக்கிப் போச்சு. 2021ல ஆப்பிரிக்கப் பன்னிக் காய்ச்சல் நம்ம நாட்டுக்குள்ள வந்தப்புறம் இந்தப் பக்கம் பன்னி கொறைஞ்சு போச்சுன்னும், இப்பத்தான் மறுபடியும் தடம் கண்ணுல படுதுன்னும் சொல்றாரு.

வர்ற வழில ஒரு சங்கதி. மாமா சர்வ சாதாரணமா "இந்த எடத்துல அந்தக் காலத்துல நான் கண்ணி வச்சிருக்கேன்"ன்னாரு. பன்னிக்கு. எம்பதுகள்ல, கறி விக்க. அத்தனை தடமும் எப்படி கத்துக்கிட்டாருன்னு முழுக் கதை அப்பத்தான் வெளங்கிச்சு, நெத்தி லைட்டு பாதிக் கதைதான். நான் ஒண்ணும் கேக்கல, அவரும் மேல சொல்லல.

நாலாம் நாள், செவ்வாய்

மழை. விடியறதுக்கு முன்னால ஆரம்பிச்சு மத்தியானம் வரைக்கும் நிக்கல. 

தடம் எல்லாம் போச்சேன்னு பொலம்பினேன். மாமாவுக்கு சந்தோஷம், "பலகைய அழிச்சு குடுக்குது, நாளைக்குப் பாரு"ங்கிறாரு.

மத்தியானத்துக்கு மேல சும்மா இருக்க முடியாம கொடைய புடிச்சுக்கிட்டு ஆந்தைப் பெட்டி பாக்கப் போனோம். செம்பனைக்குள்ள எலிய கட்டுப்படுத்த கம்பத்து மேல மரப்பெட்டி வச்சிருக்காங்க இல்லையா, அதுல கூகை குடி இருக்கும், மொகம் இதய வடிவத்துல வெள்ளையா. அடில தேடினா கட்டை விரல் தடிமன்ல கறுப்பா உருண்டை. நான் பீன்னு நெனச்சு தள்ளி நின்னேன். அது பீ இல்ல, வாந்தி. கூகை எலிய முழுசா முழுங்கிடும், முடியையும் எலும்பையும் ஜீரணிக்க முடியாம உருட்டி வாய் வழியா துப்பிடும். சுடுதண்ணில ஊற வச்சு அத்தையோட பழைய ஊக்கால பிரிச்சேன். ஒரே உருண்டைல ரெண்டு எலி மண்டை, மஞ்சள் பல்லோட, தாடை தனி, தொடை எலும்பு தனி. என்னிக்கு என்னா தின்னுச்சுன்னு ரசீது மாதிரி இருக்கு. அத்தை அந்தக் கிண்ணத்த இனிமே வீட்டுக்குள்ள கொண்டு வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. எலிக்கு கடுமையான விஷம் வச்சா அந்த எலிய தின்ன கூகையும் செத்துப் போகும், அதனால பெட்டி வைக்கிற தோட்டத்துல மருந்து விஷயத்துல கவனமா இருக்கணும்னு மாமா சொன்னாரு.

சாயங்காலம் கடைல ஒரு தாத்தா, எம்பத்தஞ்சுக்கு மேல. "புலி நீதானா"ன்னு ஆரம்பிச்சாரு (ஊர் பூரா தெரிஞ்சு போச்சு). தடம் பாக்க வந்தேன்னதும் பழைய கதைக்குப் போயிட்டாரு. இந்த ஊருக்குப் பக்கத்துல இருக்குற தோட்டங்கள்லதான் 1948 ஜூன் 16ல மூணு வெள்ளைக்காரத் துரைங்கள சுட்டாங்க, அதோட கம்யூனிஸ்டுங்கள ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட எமெர்ஜென்சி ஆரம்பிச்சுது. காட்டுக்குள்ள போன கம்யூனிஸ்டுங்கள தேட வெள்ளைக்காரனுக்குத் தடம் பாக்கத் தெரியல, அந்த வருஷமே சரவாக்ல இருந்து ஈபான் பழங்குடிக்காரங்கள கூட்டிட்டு வந்தான். 1950கள்ல இந்தக் காட்டுப் பூர்வகுடியான அஸ்லிக்காரங்கள வச்சு செனோய் பிராக்னு தனிப் படையே கட்டினாங்க. இதெல்லாம் புஸ்தகத்துலயும் இருக்கு. தாத்தா சொன்னது வேற. அவரோட அப்பா வெட்டுக்குப் போறப்ப சோறு கட்டிக்கிட்டுப் போக விடமாட்டாங்களாம், காட்டுல இருக்குறவனுக்குப் போயிடும்னு வாசல்ல நிறுத்தி வாளியெல்லாம் பாப்பாங்க. பசியோட வெட்டிட்டு வரணும். அப்பல்லாம் நெறைல தெரியாத கால்தடத்தப் பாத்தா அவங்கப்பா என்னா பண்ணுவாருன்னு கேட்டேன். 

"மிதிச்சுக்கிட்டுப் போயிடுவாரு"ன்னாரு தாத்தா. "பாத்தேன்னாலும் தப்பு, பாக்கலன்னாலும் தப்பு."

அஞ்சாம் நாள், புதன்

பலகை அழிஞ்ச மறுநாள். ஆறரைக்கெல்லாம் கெளம்பிட்டோம், அத்தை நாசி லெமாக் பொட்டலம் கட்டிக் குடுத்தாங்க.

டுரியான் தோட்டத்துக்குப் பின்னால ஒரு சின்ன ஓடை, கரைல புது மணலும் சேறும், நேத்து வெள்ளத்துல வழுவழுன்னு படிஞ்சது. எவ்ளோ எழுதியிருக்கு அதுல! உடும்பு போயிருக்கு, நடுவுல வால் இழுத்த நெளிகோடு, ரெண்டு பக்கமும் நகத்தோட அஞ்சு அஞ்சு விரல். காட்டுக்கோழி போயிருக்கு. நீர்நாய் வந்து ஒரு கல்லு மேல மீன் செதிலும் நண்டு ஓடுமா கழிஞ்சு வச்சிருக்கு, நாத்தம் சகிக்கல. ஒவ்வொண்ணுக்கும் நான் மொதல்ல சொல்லணும், அப்புறம் மாமா. ஆறுல நாலு சரி.

அப்புறம் ஓடை வளைவுல நான் அப்படியே நின்னுட்டேன். என் உள்ளங்கையவிட பெருசு. மூணு விரல், தடிமனா, முன்னால விரிஞ்சு, சீட்டுக்கட்டுல கிளாவர் இருக்குமே அந்த மாதிரி. இந்தத் தடவ போன எடுக்கல, குரூப்ல போடல, குந்தி உக்காந்து வாய மூடிக்கிட்டு பாத்தேன். மூணு மூணா போகுது... ஒரு எடத்துல மட்டும், சேறு ரொம்ப மெத்துன்னு இருந்த எடத்துல, நாலு. பக்கவாட்டுல சின்னதா நாலாவது விரல்.

"ரெண்டு மிருகமா மாமா?"

"ஒண்ணுதான். யோசி."

ரொம்ப நேரம் யோசிச்சும் வரல, அவரே சொன்னாரு. தப்பிர்! கறுப்பு வெள்ளைல, மூக்கு தொங்குமே, மலாய்ல தெனுக்னும் சிப்பான்னும் சொல்லுவாங்க. முன்னங்காலுக்கு நாலு விரல், பின்னங்காலுக்கு மூணு. நடக்குறப்ப பின்னங்கால் முன்னங்கால் வச்ச எடத்துலயே வந்து விழுந்து அழிச்சிடும், அதனால பெரும்பாலும் மூணுதான் தெரியும். எங்க கால் தவறி தள்ளி விழுதோ அங்கதான் நாலு. மூணு விரல் மட்டும் பாத்துட்டு அந்தக் காலத்துல காண்டாமிருகம்னு ஏமாந்தவங்க உண்டு. இனி அந்தக் கொழப்பத்துக்கும் வழியில்ல, மலேசியால கடைசியா இருந்த சுமத்ரா காண்டாமிருகம் 2019 நவம்பர்ல சபால செத்துப் போச்சு.

ரெண்டு முனையும் பாருன்னு மொத நாள் சொன்னாரே. பின்னால போனோம். தண்ணில இருந்து ஏறி வந்திருக்கு. முன்னால போனா ஓடையோரச் செடில கொழுந்த மட்டும் அங்கங்க கடிச்சிருக்கு, ஒரே செடில நின்னு மேயல, ஒரு வாய் இங்க, ரெண்டு அடி தள்ளி ஒரு வாய் அங்க. கடிச்ச எடத்துல பால் இன்னும் முழுசா காயல. தனியா, அவசரமில்லாம, ராத்திரி கடைசில மேஞ்சுக்கிட்டே போயிருக்கு. நான் அதப் பாக்கவே இல்ல, ஆனா அது எப்படி நடந்துச்சுன்னு தெரியுது. இந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு எப்ப வந்துச்சுன்னு ஞாபகம் இல்ல.

டவுன்ல வாங்கி வச்சிருந்த பிளாஸ்டர் ஆப் பாரிஸ அப்பத்தான் வெளிய எடுத்தேன். மைலோ டப்பால ரெண்டு பங்கு பவுடர், ஒரு பங்கு தண்ணி, தோசை மாவு பதத்துக்கு வரணும். தடத்த சுத்தி அட்டைய வளையமா குத்தி நிறுத்தணும். நேரா தடத்து மேல ஊத்தினா விரல் ஓரம் ஒடஞ்சிடும், பக்கத்து மண்ணுல ஊத்தி தானா உள்ள வழிய விடணும். நாலு விரல் இருந்த தடத்துல ஊத்தினேன். வெயில் இருந்தா அரை மணி நேரம்னு சொன்னாங்க, ஈரத்துல ஒரு மணி நேரம் ஆச்சு. அது காயிறதுக்குள்ள நாசி லெமாக் முடிஞ்சிடுச்சு.

திரும்பி வர்றப்ப ஒரு பன்னிப் பாதைல மாமா சட்டுனு என் கைய புடிச்சு நிறுத்தினாரு. மோட்டார் பிரேக் கேபிள். வளைச்சு, இளம் மரத்துல இழுத்துக் கட்டி, மேல இலை தூவி. இலை மட்டும் காஞ்சு போய் நெறம் வேற, அதுலதான் மாட்டிக்கிச்சு. பன்னிக்குன்னு வச்சாலும் கம்பிக்கு ஆள் தெரியாது, தப்பிர் கால வச்சா கால் போகும், புலி வச்சா புலி. 2010 வனவிலங்கு சட்டத்துல கண்ணி வைக்கிறதே குத்தம். மாமா போட்டோ எடுத்து பெர்ஹிலித்தானுக்கு (வனவிலங்கு இலாகா) தகவல் சொன்னாரு, எடத்துக்கு அடையாளம் வச்சாரு. கொஞ்ச தூரம் நடந்தப்புறம் "நான் நைலான் கயித்துலதான் வச்சேன்"ன்னாரு, நான் கேக்காமலே. அப்புறம் அவரே, "கயிறுன்னா என்னா, அதுவும் இறுக்கும்"ன்னாரு.

சாயங்காலம் நாலுல இருந்து அஞ்சு வரைக்கும் மறுபடியும் மழை. இத குறிச்சு வச்சுக்கோங்க, நாளைக்கு வேணும்.

ஆறாம் நாள், வியாழன்

யானை!! பாக்கல, பாக்கவும் வேணாம்.

இங்க லாசான்னு ஒரு ஊரு பக்கம் மாமாவோட பழைய கூட்டாளி ஒருத்தரு, அஸ்லில தெமியார் இனத்துக்காரரு, ரெண்டு பேரும் மலாய்லயே பேசிக்கிறாங்க, நாப்பது வருஷப் பழக்கம். அவரோட எடத்துல இளஞ்செம்பனைய யானை புடுங்கிப் போட்டிருச்சுன்னு போன் வந்துச்சு. போனா பத்து பதினஞ்சு கன்னு, நடுவுல பிளந்து குருத்த மட்டும் தின்னுட்டு மிச்சத்த அப்படியே போட்டிருக்கு. பாவம் மனுஷன், மூணு வருஷம் வளத்தது. குருத்து இனிக்கும், யானைக்குத் தெரிஞ்சிருக்கு.

முன்னங்கால் தடம் வட்டம், பின்னங்கால் கொஞ்சம் நீள்வட்டம். உள்ள பாத்தா பாதத்துல இருக்குற வெடிப்பு கூட கோடு கோடா பதிஞ்சிருக்கு, நம்ம கைரேகை மாதிரி. அத்தையோட தையல் டேப்ப கொண்டு போயிருந்தேன். முன்னங்கால் தடத்தோட சுத்தளவ ரெண்டால பெருக்கினா யானையோட தோள் உசரம் ஏறக்குறைய வந்துடும், இது யானை ஆளுங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு. ஒரு மீட்டர் பன்னெண்டு சென்டி. அப்போ ரெண்டு மீட்டர் இருபத்தி நாலு, ஏழடிக்கு மேல. கூட ஒரு சின்னத் தடம், என் ரெண்டு கை சேத்து வச்ச அகலம். தாயும் குட்டியும் போல.

இங்கதான் மாமா மாட்டினாரு. தடத்தப் பாத்துட்டு "நேத்து ராத்திரி வந்திருக்கு"ன்னாரு, நானும் தலைய ஆட்டினேன். கூட்டாளி ஒண்ணும் பேசாம குந்தி, விரலால தடத்துக்குள்ள காட்டினாரு. "லாமா சுடா." ரொம்ப நேரம் ஆச்சுங்கிறாரு. பாத்தா தடத்துக்குள்ள பூரா குட்டிக் குட்டிப் புள்ளி, அம்மை தழும்பு மாதிரி. மழைத்துளி! மழை நேத்து நாலுல இருந்து அஞ்சு. தடத்துக்குள்ள துளி விழுந்திருக்குன்னா மழைக்கு முன்னாலயே பதிஞ்ச தடம். ராத்திரி இல்ல, பட்டப்பகல்ல, நாலு மணிக்கு முன்னால வந்திருக்கு. வீட்டுல இருந்து நூறு அடி தூரத்துல. அவரோட பேரப்புள்ளைங்க அந்த நேரத்துக்கு அங்கதான் வெளையாடுமாம்.

மாமா மொகத்துல கொஞ்சம் அசடு. "வயசாச்சு, கண்ணாடி போடாம வந்துட்டேன்"ன்னாரு. நான் புலின்னு கத்தினப்ப அவரு என்ன ஒரு வார்த்தை கூட ஏளனமா சொல்லலங்கிறது ஞாபகம் வந்து நானும் வாய மூடிக்கிட்டேன் (எழுதிட்டேன், ஆனா அது வேற).

சாணி உருண்டை அங்க ஒண்ணு இங்க ஒண்ணா சிதறிக் கெடந்தா நடந்துக்கிட்டே போட்டது, ஒரே எடத்துல குவியலா இருந்தா நின்னு மேஞ்சிருக்கு. இங்க குவியல். பின்னாலயே போய்ப் பாக்கலாமான்னு கேட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணா "வேணாம்"ன்னாங்க, ஒருத்தரு தமிழ்ல, ஒருத்தரு மலாய்ல. குட்டி வச்சிருக்குற தாய் பின்னால போறது புத்திசாலித்தனமில்ல. கூட்டாளி பெர்ஹிலித்தானுக்கு சொல்லியிருக்காரு, வருவாங்க, வெடி போட்டு வெரட்டுவாங்க, மீறினா மயக்க ஊசி போட்டு, பழக்கின யானைய ரெண்டு பக்கமும் கட்டி, தூரக் காட்டுல கொண்டு போய் விடுவாங்க. பஹாங்ல கோலா கண்டால 1989ல இருந்து அந்த வேலைக்குன்னே யானை மையம் இருக்கு. அவரு எனக்குக் கோப்பி-ஓ ஊத்திக்கிட்டே சொன்னாரு, காடு அந்தப் பக்கம் சுருங்குது, அது வேற எங்க போகும்னு. கன்னு போன ஆளே அப்படி சொல்றப்ப நான் என்னாத்த சொல்றது.

ஏழாம் நாள், வெள்ளி

கெளம்பற நாள். காலைல பின்கட்டு சுவத்துல வெள்ளிக் கோடு, வேலிப் பக்கம் இருந்து கீரைத் தொட்டிக்கு. அத்தை வாயே தெறக்கல.

தப்பிர் அச்ச அத்தையோட பழைய கைலில சுத்தி, முறுக்கு டின்னுக்கும் டுரியானுக்கும்... இல்ல, ரயில்ல டுரியான் விடமாட்டாங்க, அதனால முறுக்குக்கும் ஊறுகாய் போத்தலுக்கும் நடுவுல வச்சிருந்தேன். ஸ்டேஷன்ல மாமா "அடுத்த தடவ மழைக்கு வா"ன்னாரு. 

ஈப்போல ஏறின அங்கள் ஒருத்தரு பக்கத்து சீட்டு. தஞ்சோங் மாலிம் தாண்டினப்ப நான் ஒடஞ்சிருக்கான்னு பாக்க கைலிய பிரிச்சேன். நாலாவது விரல் விண்டு போச்சு. கையில வச்சு ஒட்டுமான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.

அங்கள் கொஞ்ச நேரம் எட்டி எட்டி பாத்துட்டு, மரியாதையா கேட்டாரு, "என்னா சாமிம்மா இது?"